பார்க்காத சாட்சி

“நீங்க பாத்தீங்களா?” என்று மீட்டிங்கில் கேட்டார்கள். “பாக்கல” என்றேன். அது உண்மைதான்.

முந்தின ராத்திரி யாரோ ஒரு செட்டிங்கை மாற்றியதில் சர்வர் விழுந்திருந்தது. பழி, டீமுக்குப் புதிதாக வந்த பையன் மேல். லாகில் இருந்த நேரங்களைக் கோர்த்துப் பார்த்ததில் அவன் இல்லை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் கேள்வி ‘பாத்தீங்களா’ என்றுதானே? அதற்குள் ஒளிந்துகொண்டேன். அவனை வேறு ப்ராஜெக்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

ரொம்ப நாள் கழித்து ஸ்லாவிய மொழிகளைப் பற்றிப் படிக்கும்போது ஒரு வினைச்சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது. *வேதேதி: அறிதல். அதன் வேர் இந்தோ-ஐரோப்பியத்தில் ‘பார்’ என்று பொருள்படும் ‘வெய்த்’. ‘பார்த்து முடித்திருக்கிறேன்’ என்பதே ‘அறிவேன்’ ஆகியிருக்கிறது. நமக்கு வந்து சேர்ந்த வேதமும் அந்த வேர்தான், லத்தீன் வழியே வந்த வீடியோவும் அந்த வேர்தான். தமிழ் வேறு குடும்பம். ஆனாலும் நமக்கும் மலை ‘தெரிகிறது’, கணக்கும் ‘தெரிகிறது’.

*வேதேதியின் பிள்ளைகள் பல திசையில் போனார்கள். செக் மொழியில் அறிவியலுக்குப் பெயர் ‘வியெதா’. ரஷ்யனில் சூனியக்காரி ‘வேத்மா’, அதாவது அறிந்தவள். சாட்சிக்கான சொல்லும் இங்கிருந்தே பிறந்தது. செக்கில் ‘ஸ்வியெதெக்’: கூட இருந்து அறிந்தவன். மனசாட்சி ‘ஸ்வியெதொமீ’. நம் மொழியைப் போலவே அங்கேயும் இரண்டும் பக்கத்து வீடு.

ரஷ்யனில் ஒரு விபத்து. சாட்சியைக் குறித்த பழைய சொல்லில் ‘அறி’தான் இருந்தது. ‘பார்’ என்ற வினையின் ஒலி அதில் கலந்து, ‘ஸ்வே’ ‘ஸ்வி’ ஆகிவிட்டது. அறிந்தவன், பார்த்தவன் ஆகிவிட்டான். அந்த மீட்டிங்கில் நான் செய்ததும் இதேதான். அவர்களுக்கு அது நூற்றாண்டுகளில் நடந்த ஒலி மயக்கம். நான் ஒரே நொடியில், தெரிந்தே செய்தேன்.

பார்க்காததைச் சாட்சி சொல்வது ஆபத்து இல்லையா? ஆபத்துதான். ஊகத்தால் அழிந்தவர்கள் உண்டு. இங்கேதான் *வேதேதிக்கு முன்னால் இருக்கும் அந்த நட்சத்திரக் குறியை நினைத்துக்கொள்கிறேன். தொல்ஸ்லாவியம் பேசியவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. 863 வாக்கில் சிரில் எழுத்து அமைத்துக் கொடுத்தபோது அந்த மொழி கிளை பிரியத் தொடங்கியிருந்தது. இந்தச் சொல்லை எழுத்தில் பார்த்தவர் யாருமில்லை. அதன் பிள்ளைகளின் முகஜாடையை வைத்துத் தாயைக் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தபின் வாயை மூடிக்கொள்ளவில்லை, பார்த்ததாகப் பொய்யும் சொல்லவில்லை. ஒரு நட்சத்திரம் போட்டுவிட்டுச் சொன்னார்கள்.

எனக்கும் அந்த வழி இருந்தது. “பாக்கல. ஆனா அவன் இல்லைன்னு தெரியும். எப்படித் தெரியும்னு காட்டுறேன்.” அவ்வளவு போதும். லேப்டாப் எதிரிலேயே திறந்துதான் இருந்தது.