திராட்சைக் கொடியும் நெல்வயலும்

பிரான்சு நாட்டில் லுவார் ஆற்றங்கரையில் குலே த செரான் என்றொரு திராட்சைத் தோட்டம் உண்டு. 1130ஆம் ஆண்டில் சிஸ்டர்சியத் துறவிகள் நட்ட தோட்டம் என்பர். பரப்பு ஏறத்தாழ 7 ஹெக்டேர். அதன் உரிமையாளரான நிக்கோலா ஜோலி, வங்கித் தொழிலைத் துறந்து 1970களின் பிற்பகுதியில் ஊர் திரும்பியவர். தொடக்கத்தில், விவசாய ஆலோசகர்களின் சொற்படி களைகொல்லி தெளித்தார். இரண்டு ஆண்டுகளுக்குள் மண்ணின் நிறம் மாறியதையும் பூச்சி புழுக்கள் மறைந்ததையும் கண்டு மனங் கலங்கினார். 1980களில் இரசாயனங்களை அறவே கைவிட்டார். பின்னர் அத்தோட்டத்தில் ஏர் இழுக்கக் குதிரை வந்தது. ஆடுகள் மேய வந்தன. தோட்டத்தைக் காண்பதற்கென்றே தொலைதூரத்திலிருந்து மக்கள் செல்லலாயினர்.

கல்முனையிலும் சம்மாந்துறையிலும் நிந்தவூரிலும் வாழும் மக்களுக்கு மது விலக்கப்பட்ட பொருள். ஆகவே அத்தோட்டத்தின் விளைபொருளைப் பற்றி நாம் பேச வரவில்லை. மண்ணைப் பற்றிப் பேசுவதற்குத் தடையில்லை அல்லவா? பசுவின் கொம்பிலே சாணத்தை அடைத்துப் பனிக்காலம் முழுவதும் புதைத்து வைக்கும் முறையொன்றை ஜோலி போன்றோர் கைக்கொள்கின்றனர். 1924இல் ருடோல்ப் ஸ்டைனர் நிகழ்த்திய சொற்பொழிவுகளிலிருந்து வந்த வழக்கம் அது. விஞ்ஞானம் அதனை ஏற்கும் என்று நாம் நம்பவில்லை. கொம்பு கிடக்கட்டும். மண்ணில் நஞ்சு கலக்க மறுத்த மனச்சாட்சி மதிக்கத்தக்கதே.

எனினும், அம்மனச்சாட்சிக்கு விலை கொடுத்தவர் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. தோட்டம் குடும்பச் சொத்து. விளைச்சல் குறைந்தாலும் போத்தலின் மேல் ஒட்டிய பெயர் உயர்ந்த விலையைப் பெற்றுத் தரும். நல்லவராய் இருப்பதற்கு வேண்டிய மூலதனம் அவரிடம் இருந்தது. இது அவர்மீது சாட்டும் குற்றமன்று; அவருடைய வர்க்க நிலையைச் சுட்டும் செய்தி மட்டுமே.

தமிழகத்தில் இதே வழியில் முன்னோடியாக நின்றவர் கோ. நம்மாழ்வார். தஞ்சை மாவட்டத்து இளங்காட்டில் 1938இல் பிறந்த அவர், கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்து உத்தியோகத்தை 1969இல் உதறினார். பிற்காலத்தில் கரூர் மாவட்டத்துக் கடவூரில் அவர் நிறுவிய வானகத்துக்கு ஆசிரியர்களும் மாணவர்களும் திரளாகச் சென்றனர். 2013 டிசம்பரில் மறையும் வரை ஊர் ஊராய் நடந்து, உழவர்களிடம் எடுத்துச் சொல்லி, அவர்கள் தாமே தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டவர் அவர். தம் கொள்கைக்குத் தம் சம்பளத்தையே விலையாகக் கொடுத்தார். பிறர் சோற்றில் கைவைக்கவில்லை.

நம் நாட்டிலோ வேறொன்று நடந்தது. 2021 மே மாதத்தில் ஒரு வர்த்தமானி அறிவித்தலின் மூலம் இரசாயனப் பசளைகளின் இறக்குமதி ஒரே நாளில் தடை செய்யப்பட்டது. மண்ணின் நலம், மக்களின் நலம் என்ற சொற்கள் எங்கும் முழங்கின. அந்நியச் செலாவணி வற்றிப்போன கருவூலத்தைப் பற்றிய பேச்சு அவ்வளவாக எழவில்லை!

ஆசிரியர்கள் இதனை ஒரு கணக்காகவே வகுப்பில் போடலாம். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடை ஒன்றில் 23 கிலோ. நல்ல கூட்டெருவில் நைதரசன் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு என்று கொண்டால், அதே 23 கிலோவுக்கு ஏறக்குறைய 1,500 கிலோ கூட்டெரு வேண்டும். அதிலும் ஒரு பகுதியே முதற்போகத்தில் பயிருக்குக் கிட்டும். பெரும்போக விதைப்புக்குச் சில மாதங்களே இருக்கையில், அம்பாறைக் கரையோரத்து வட்டைகள் அனைத்துக்கும் இத்தனை எரு எங்கிருந்து வரும்? பயிரிட்ட நெல்லினங்களோ மிகுந்த நைதரசனுக்கென்றே உருவாக்கப்பட்டவை. உழவர்கள் வீதியில் இறங்கினர். நவம்பரில் தடை நீக்கப்பட்டது. அதற்குள் விதைப்பு நடந்துவிட்டது. அடுத்த ஆண்டு விளைச்சல் வீழ்ந்தது, அரிசி இறக்குமதியாயிற்று, யூரியா மூடையின் விலை பத்தாயிரம் ரூபாயைத் தாண்டிற்று.

இதைக் கண்டு, பசளைக் கம்பனிக்காரர் வென்றார் என்று மகிழ்வோருடன் நாம் சேர மாட்டோம். நஞ்சை முதலில் நுகர்பவன் யார்? முகமூடியின்றித் தோளில் தெளிகருவியைச் சுமந்து சேற்றில் நடக்கும் கூலியாள். மண் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பவனும் அவனே. ஆகவே இரசாயனத்தைக் குறைக்க வேண்டுமா என்பதில் நமக்கு விவாதமில்லை. நன்மைக்கு ஆகும் செலவை யார் தலையில் ஏற்றுவது என்பதிலேதான் அறநெறியின் முடிச்சு இருக்கிறது.

இதற்கு வழிகாட்ட வெளிநாட்டுத் தத்துவம் வேண்டியதில்லை. நம் ஊர் களவெட்டியிலே பொலி அளக்கும் போது நெல்லுக்கு ஸக்காத் பிரிக்கிறார்கள். வானமழையில் விளைந்ததற்குப் பத்தில் ஒன்று. உழவன் தன் செலவில் நீர் இறைத்து விளைத்ததற்கு இருபதில் ஒன்று. உழைப்பும் செலவும் ஏறிய இடத்தில் கடமை பாதியாகக் குறைகிறது. பாலைவன நாட்டுப் பழைய சட்டமொன்று உழவனின் செலவைக் கணக்கிலெடுத்தது. 2021ஆம் ஆண்டின் வர்த்தமானியோ அதைக் கணக்கிலெடுக்கவில்லை.

சோவியத் நாடு வீழ்ந்த பின் 1990களில் கியூபாவுக்கும் பசளை வரத்து நின்றது. அங்கு விஞ்ஞானிகள் வயலுக்கு இறங்கினர்; பெரும் அரசுப் பண்ணைகள் 1993 முதல் கூட்டுறவுகளாகப் பிரிக்கப்பட்டன. அதையும் ஒரு சொர்க்கமாக வரைய வேண்டாம். உணவில் பெரும்பகுதியை அந்நாடு இன்னும் இறக்குமதி செய்கிறது. எனினும் நட்டத்தை உழவன் தனித்துச் சுமக்கும்படி விடவில்லை.

இங்கே நிலைமை என்ன? மண்ணைத் தேற்றி எடுக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். குத்தகைக்காரனுக்கோ அடுத்த போகத்தில் அந்த வயல் கிடைக்கும் என்ற உறுதியே இல்லை. இவ்வாண்டு அவன் இடும் எருவின் பயனை வரும் ஆண்டு இன்னொருவன் அறுப்பான். குத்தகை நெல்லோ விளைந்தாலும் விளையாவிட்டாலும் போடியார் வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். 1958இல் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த நெற்காணிச் சட்டம் இந்த உறுதியைத்தான் தர முயன்றது. அதற்கெதிராக அன்று எழுந்த கூச்சலை வரலாறு அறியும். மறு ஆண்டே அவர் அமைச்சரவையை விட்டு வெளியேறினார். சேதனப் பசளை பற்றிய கருத்தரங்குகளில் எருவின் வகைகளை அட்டவணையிட்டு விளக்குகின்றனர். வயல் யாருடையது, குத்தகை எத்தனை ஆண்டுக்கு, முதல் மூன்று போகத்து நட்டத்தில் நிலக்காரர் பங்கு எவ்வளவு, அரசின் பங்கு எவ்வளவு என்று அங்கே எழுந்து கேட்கும் மாணவனை நாம் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம்.