இறந்தவர் சார்பில்

சேலத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “உங்கள் நாவல்களில் மாணவர் தலைவன் போராட்டத்தில் ஜெயித்து மாலை போட்டுக்கொண்டதும் ‘முற்றும்’ போட்டுவிடுகிறீர்களே, மறுநாள் அவன் என்ன ஆனான்?”

நியாயமான கேள்வி. மறுநாளை எழுதும் தைரியம் எனக்கு வந்ததில்லை. ஆனால் அஸ்ஸாமில் அந்தக் கதை நடந்தே இருக்கிறது.

பிரபுல்ல குமார் மகந்தா 1979-ல் அனைத்து அஸ்ஸாம் மாணவர் சங்கத்தின் தலைவரானார். சட்டத்துக்குப் புறம்பாகக் குடியேறிய வெளிநாட்டாரைக் கண்டறிந்து வெளியேற்ற வேண்டும் என்பது கோரிக்கை. ஆறு வருஷப் போராட்டத்தில் 855 பேர் உயிர் கொடுத்தார்கள் என்பது போராடியவர்களின் கணக்கு. 1985 ஆகஸ்ட் 15 விடியுமுன் ராஜீவ் காந்தி அரசோடு ஒப்பந்தம், அக்டோபரில் கட்சி, டிசம்பரில் தேர்தல். மாணவர் விடுதியிலிருந்தவர் முப்பத்து மூன்றாம் வயதில் முதலமைச்சர்! நான் எழுதியிருந்தால், “கதைதானே, ஐயா” என்று சிரித்திருப்பீர்கள்.

1951-க்குப் பின் வந்த எல்லோரும் போகவேண்டும் என்றுதான் போராட்டம் தொடங்கியது. ஒப்பந்தத்திலோ, 1971 மார்ச் 25 முதல் வந்தவர்களை வெளியேற்றுவது என்று முடிந்தது. இருபது வருஷத்தை விட்டுக்கொடுத்தாயிற்று. கையெழுத்திட்டவர்கள் உயிரோடிருந்தார்கள். அந்த 855 பேரை யார் கேட்டார்கள்? இது துரோகமா?

துரோகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருபது வருஷத்தில் ஒருவன் வீடு கட்டுகிறான், பிள்ளை பெறுகிறான், தகப்பனைப் புதைக்கிறான். அவனை எங்கே அனுப்புவது? உயிரோடிருந்தால் அந்த 855 பேரில் சிலராவது இப்படி யோசித்திருப்பார்கள். மனம் மாறும் உரிமை இறந்தவனுக்கு மட்டும் கிடையாது என்று நாம்தான் அவனைச் சிலையாக்கி வைக்கிறோம்.

என்னை உறுத்துவது வேறு. 1983 பிப்ரவரி 18-ல், அந்தப் போராட்டக் காலத்திலேயே, நெல்லியிலும் சுற்றியிருந்த கிராமங்களிலும் சில மணி நேரத்தில் 1,800-க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். இது சர்க்கார் கணக்கு. பெரும்பாலோர் வங்க வம்சாவளி முஸ்லிம்கள். பெண்களும் குழந்தைகளுமே அதிகம். ஒப்பந்தத்துக்குப் பின் வழக்குகள் கைவிடப்பட்டன. ஒருவரும் தண்டனை பெறவில்லை. 855 பேருக்குத் ‘தியாகி’ என்ற பெயராவது மிஞ்சியது. நெல்லியில் செத்தவர்கள் சார்பில் அந்த மேஜையில் உட்கார்ந்திருந்தது யார்?

பிற்பாடு நடந்தது அரசியலில் பழகிய கதைதான். 1990-ல் ஆட்சி கலைந்தது, 1996-ல் திரும்பி வந்தது, 2001-ல் தோற்றது. வெளியேற்றப்பட்டவர்களோ சொற்பம். மத்தியச் சட்டம் கையைக் கட்டியது என்றார்கள். அதில் உண்மையும் உண்டு. அந்தச் சட்டத்தை 2005-ல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்த சர்பானந்த சோனோவாலும் அதே மாணவர் சங்கத்தின் முன்னாள் தலைவர்! அவரும் 2016-ல் முதலமைச்சரானார்.

வாசகிக்கு இன்னும் பதில் போடவில்லை. அந்த அத்தியாயத்தை எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். காலையில் அவன் நாற்காலியில் அமர்கிறான். வாசலில் இரண்டு தாய்மார்கள். ஒருத்தி மகன் ஊர்வலத்தில் செத்தவன்; இன்னொருத்தி நெல்லியிலிருந்து வந்தவள். யாரை முதலில் உள்ளே அழைக்கச் சொல்வான்? அந்த வரியோடு பேனா நிற்கிறது.