சிறிய திருமேனி, முழு இறைமை

1:43 அளவில் 4.3 மீட்டர் கார் 10 சென்டிமீட்டராகிவிடும் என்பது மாடல் கார் சேகரிப்பவர்களுக்குத் தெரியும். சுருங்குவது நீளம், விகிதம் அல்ல. சிற்ப சாத்திரமும் முக நீளத்தைத் தாளம் என்னும் அலகாகக் கொண்டே சிலையை அளக்கிறது. உரு சிறுத்தால் இறைமை குறையுமா என்பதற்குச் சிதம்பரமே பதில் சொல்கிறது. பெரிய நடராஜருக்கு ஆண்டில் ஆறே அபிஷேகம். மாணிக்கத்தாலான சின்னஞ்சிறு நடராஜர் ரத்தினசபாபதிக்கோ நாள்தோறும் உண்டு. பின்புறம் தீபம் காட்டும்போது அந்தக் கல் உள்ளிருந்தே சிவந்து ஒளிர்கிறது.

விகிதம் மட்டும் போதுமா, அதே கோயிலில் தேர் வடிவான நிருத்த சபையின் கல் சக்கரம் உருளாதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் மூலம் செய்வதையெல்லாம் மாதிரி செய்ய வேண்டியதில்லை. காட்ட வந்ததைச் சிதையாமல் காட்டினால் போதும். அப்படிப் பார்த்தால், ரத்தினசபாபதியைப் பெரிய நடராஜரின் நகல் என்பது தவறு. அவரும் முழு நடராஜரே.