நூலும் விரலும்

உழைப்பைப் புகழாத நாவில்லை. அதனைப் போற்றி எழுதாத ஏடில்லை. ஆயினும், உழைப்பைப் புகழ்வோர் அனைவரும் உழைப்பாளியை மதிப்பவர்தாமோ என்று வினவினால், விடை சொல்லத் தயங்குவோரே பலர். இவ்விரண்டையும் ஒன்றெனவே மயங்கும் வழக்கம் நம்மிடையே மிகுதி. அம்மயக்கத்தைத் தெளிவிக்கத்தக்க ஓரிடத்தை நேயர்கள் முன் வைக்க விரும்புகின்றோம். அது ஒரு பழைய பஞ்சாலை.

இங்கிலாந்தில், மான்செஸ்டர் நகருக்குத் தெற்கே, செஷயர் பகுதியிலுள்ள ஸ்டையல் என்னும் சிற்றூரில், பொலின் ஆற்றங்கரையில் குவாரி பேங்க் ஆலை நிற்கிறது. சாமுவேல் கிரெக் என்னும் வணிகர் 1784ஆம் ஆண்டில் அதனை நிறுவினார். ஆற்றுநீர் சக்கரத்தைச் சுழற்றியது. சக்கரம் நூற்பொறிகளைச் சுழற்றியது. 1939ஆம் ஆண்டில் அக்குடும்பத்தார் ஒருவர் அதனை நேஷனல் டிரஸ்ட் என்னும் அறநிலையத்துக்கு அளித்தார். 1959ஆம் ஆண்டோடு விற்பனைக்கான உற்பத்தி நின்றது. இப்பொழுது அது ஒரு பொருட்காட்சிச்சாலை.

அங்கே ஆலைப் பொறிகளோடு இராட்டையும் கைத்தறியும் வைக்கப்பட்டுள்ளன. தொழிலறிந்தவர் ஒருவர் பஞ்சைப் பன்னி, கதிரில் இழுத்து, முறுக்கேற்றி நூலாக்கிக் காட்டுவார். பாவின் ஊடே நாடாவை ஓட்டித் துணி வளரும் விதத்தை விளக்குவார். இத்தகைய காட்சிகள் அங்கு மட்டும் நிகழ்வன அல்ல. மேனாடுகளில் ஓய்ந்துபோன ஆலைகள் பல இன்று கைத்தொழில் விழாக்களுக்குக் களமாகியிருக்கின்றன. ஆட்டின் மயிரைக் கத்தரிப்பதில் தொடங்கிச் சால்வை நெய்து முடிப்பது வரையிலான வேலைகளைக் குழுவினர் போட்டியிட்டுச் செய்யும் விழாக்களும் உண்டு. குழந்தைகள் வாய்பிளந்து பார்க்கின்றனர். முதியோர் இராட்டையைத் தொட்டு மகிழ்கின்றனர்.

இதில் ஒரு விந்தை இருக்கிறது. வீடுதோறும் சுழன்ற இராட்டையை ஓயச் செய்தது எது? ஆலையன்றோ! எந்த ஆலை இராட்டையை வீட்டை விட்டு ஓட்டியதோ, அந்த ஆலையே இன்று அதனை அழைத்து வந்து விருந்தினர்க்குக் காட்டுகிறது. இது நன்றோ, தீதோ? இவ்வினாவுக்கு இரு திறத்தார் இருவேறு விடை பகர்வர்.

முதல் திறத்தார், "பண்டைக் காலத்துக் கைத்தொழிலே தூயது, அதில் அன்பும் அமைதியும் இருந்தன, இயந்திரம் வந்து யாவற்றையும் கெடுத்தது, ஆகவே இவ்விழாக்கள் நம்மைப் பொற்காலத்துக்கு மீட்டுச் செல்கின்றன" என்பர். இக்கூற்றில் பாதி உண்மையும் இல்லை. ஆலைக்கு முற்பட்ட இங்கிலாந்திலும் வணிகன் பஞ்சைக் கொடுத்து நூலையும் துணியையும் வாங்கிக்கொண்டான். கூலியின் அளவு பெரும்பாலும் அவன் கையில் இருந்தது. குடிசைக்குள்ளே மனைவி நூற்றாள். சிறுபிள்ளைகள் பஞ்சு பன்னினர். கையால் செய்தமையினாலேயே ஒரு வேலை அறமாகிவிடாது. அவ்வாறே, இயந்திரத்தால் செய்தமையினாலேயே அது பாவமும் ஆகிவிடாது. மலிவான துணி ஏழையின் மானத்தைக் காத்தது என்பதை நாம் மறத்தலாகாது.

இரண்டாம் திறத்தார், "ஏழைகளின் இரத்தம் சிந்திய இடத்தில் இராட்டை விழாவா? இது வெறும் ஏமாற்று" என்று சினந்து கூறுவர். இவர் சினத்தில் நியாயம் உண்டு. எனினும் அதுவும் முழு உண்மையன்று. தன் விரல்களுக்கிடையே பஞ்சு நூலாகி நீள்வதைக் காணும் ஒருத்தி அடையும் மகிழ்ச்சி பொய்யன்று. மனிதன் தன் கையால் ஒன்றை ஆக்கும்பொழுது அவன் உள்ளம் மலர்கிறது. அம்மலர்ச்சியை இகழ்வோர், உழைப்பாளிக்கு வயிறு மட்டுமே உண்டு, உள்ளம் இல்லை என்று சொல்பவராவர்.

அங்ஙனமாயின் வேறுபாடு எங்கே இருக்கிறது? கருவியில் இல்லை, நூலிலும் இல்லை. எழுந்து போகும் உரிமையில் இருக்கிறது. இன்று இராட்டை முன் அமர்பவர் கை நோவெடுத்தால் எழுந்து சென்று தேநீர் அருந்தலாம். காட்சிக்காக இயக்கப்படும் விசைத்தறியின் பேரொலியைச் சில நிமிடம் கேட்டு, காதைப் பொத்திக்கொண்டு வெளியேறலாம். அவ்வொலிக்குள்ளேயே நாள் முழுதும் நின்றவர் நிலை என்ன? லங்காஷயர் தறிக்கூடங்களில் ஒருவர் பேச்சு மற்றவர்க்குக் கேளாமையால், பெண்கள் உதட்டசைவைக் கண்டே பேசப் பழகினர். பலர் செவிப்புலனை இழந்தனர். அவர்களுக்குக் கதவு திறப்பது மணியடித்த பின்னரே.

அந்தக் குவாரி பேங்க் ஆலையில் 1790ஆம் ஆண்டில் சிறுவர் விடுதி ஒன்று கட்டப்பட்டது. அநாதைகளும், ஏழை விடுதிகளிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அங்கே தங்கி, உணவுக்கும் உறைவிடத்துக்கும் ஈடாக நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர அளவில் வேலை செய்தனர். அவர்களுள் ஒருவன் தாமஸ் பிரீஸ்ட்லி. பொறியின் சக்கரம் அவனது இடக்கை விரலைப் பறித்தது. 1806ஆம் ஆண்டில் அவனும் ஜோசப் செப்டன் என்னும் தோழனும் ஆலையை விட்டு ஓடி, தொலைவிலுள்ள இலண்டனை அடைந்தனர். நீதிபதிகள் முன் அவர்கள் அளித்த வாக்குமூலம் இன்றும் இருக்கிறது. ஓடிப் போனது ஏன்? தாயைக் காண வேண்டும் என்னும் ஆசை!

இங்கே நேயர்கள் ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். அக்காலத்து முதலாளிகளுள் கிரெக் கொடியவர் எனப் பெயரெடுத்தவரல்லர். பிள்ளைகளின் உடல்நலம் பேண மருத்துவர் ஒருவரை அமர்த்தியிருந்தார். விரலிழந்த சிறுவனுக்கும் மருத்துவம் நடந்தது. ஆனால் நல்ல எசமானனின் விடுதியிலிருந்தும் பிள்ளை ஓடினான். என்னை? தாயைக் காண அனுமதி வேண்டி நிற்பவனுக்குச் சோறும் மருந்தும் விடுதலை ஆகா. 'எங்கள் துரை நல்ல துரை' என்று சொல்லிக்கொண்டே குனிந்து நின்ற தலைமுறையினருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, அவ்வாலைக்குள் வந்த பஞ்சு எவர் கையால் பறிக்கப்பட்டது? அமெரிக்க நாட்டில் 1861ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போர் மூளும் வரை, லங்காஷயர் ஆலைகளுக்கு வந்த பஞ்சில் பெரும்பகுதி அடிமைகள் பயிரிட்டுப் பறித்ததே. கிரெக் குடும்பத்துக்கே டொமினிக்கா தீவில் ஹில்ஸ்பரோ என்னும் தோட்டம் உரியதாயிருந்தது. அது அடிமைகளின் உழைப்பால் நடந்தது. ஆங்கிலேயர் ஆண்ட அத்தீவுகளில் 1834ஆம் ஆண்டில் அடிமைமுறை நீங்கியது. நீங்கிய பின், கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் வேண்டப்பட்டன. ஒப்பந்தம் என்னும் பெயரால் மோரிசுக்கும் மேற்கிந்தியத் தீவுகளுக்கும் இந்தியர் கப்பலேறினர். மலாயாவின் தோட்டங்களுக்கும் நம் முன்னோர் ஒப்பந்தக் கூலிகளாய் வந்தனர். 1910ஆம் ஆண்டில்தான் அம்முறையில் ஆள்சேர்ப்பது நிறுத்தப்பட்டது. ஆகவே, கடல்கடந்த ஓர் ஆலையின் கதை நமக்கு முற்றிலும் அயலார் கதையன்று.

நூற்றவன் பறித்தவனை அறிவானோ? ஒருகால் அறிந்தான் என்பதற்குச் சான்று உண்டு. 1861ஆம் ஆண்டில் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு பஞ்சு வரத்துத் தடைப்பட்டது. லங்காஷயரில் ஆலைகள் மூடப்பட்டன. தொழிலாளர் குடும்பங்கள் பட்டினியால் வாடின. அடிமை முதலாளிகள் வென்றால் பஞ்சு வரும், வயிறு நிறையும் என்று எண்ணியவரும் அங்கிருந்தனர். எனினும், 1862ஆம் ஆண்டு டிசம்பர் 31ஆம் நாள் மான்செஸ்டரில் கூடிய தொழிலாளர், அடிமைகளின் விடுதலையை ஆதரித்து லிங்கனுக்கு மடல் விடுத்தனர். 1863ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் நன்றியறிதலோடு மறுமொழி வரைந்தார். பசித்திருந்த நூற்பாளி, தான் கண்டறியாத ஒரு கருநிற மனிதனின் விலங்கை எண்ணினான். நூலின் மறுமுனையில் யார் இருக்கிறார் என்று கேட்பதுதானே உழைப்பாளியை மதிப்பதன் தொடக்கம்?

ஆகவே எம் முடிபு இது. ஆலையில் இராட்டை சுழலட்டும்; பிள்ளைகள் நூற்றுப் பார்க்கட்டும். ஆனால் நூலைக் காட்டும் இடத்தில் விரலையும் காட்டுக. குவாரி பேங்கில் சிறுவர் விடுதி இன்றும் காக்கப்பட்டு, அதில் வாழ்ந்தோர் கதை சொல்லப்படுகிறது. இது போற்றத்தக்கது. இன்பமாய்ப் பொழுது போக்க வந்தவர்க்குத் துன்பக் கதை எதற்கு என்பாரும் உளர். இன்பத்தைக் கெடுப்பதற்காகவன்று, அதனை நேர்மையாக்குவதற்கே. தான் தொடும் பொருளுக்காகப் பிறர் கொடுத்த விலையை அறிந்த பின்னும் ஒருவன் அதனைத் தொட்டு மகிழ்வானாயின், அம்மகிழ்ச்சியில் நன்றியும் கலந்திருக்கும்.

இவ்வினா நம் வாசலுக்கும் வரும். நாம் பிறந்த தோட்டங்கள் பல துண்டாடப்பட்டுவிட்டன. பால்மரம் நின்ற இடத்தில் செம்பனையும் வீட்டு மனையும் நிற்கின்றன. லயங்கள் பல இடிந்தன. எஞ்சிய ஒரு தோட்டத்தை நாளை எவரேனும் காட்சிச்சாலையாக்கலாம். சுற்றுலா வந்தோர் பால்வெட்டும் கத்தியைக் கையிலேந்தி, ஒரு மரத்தைச் சீவிப் பார்த்து, மங்கில் சொட்டும் வெண்பாலைக் கண்டு வியக்கலாம். வியக்கட்டும், அதில் தவறில்லை. ஆனால் விடியுமுன் பெரட்டுக்கு நின்றவள் எவள், தூளியில் பிள்ளையை விட்டு நிரைக்குப் போனவள் எவள், வாளி சுமந்த அவள் தோளுக்குக் கிடைத்த கூலி என்ன என்பதை அங்கே யார் சொல்வார்?

அயலார் வந்து சொல்வார் என்று காத்திருத்தல் பேதைமை. நம் வீட்டுத் திண்ணையில் இன்னும் சில பாட்டிமார் இருக்கின்றனர். அவர் கைகளில் கத்தியின் தழும்பு இருக்கிறது. அவர்களருகே அமர்ந்து, கேட்டு, எழுதி வைப்போமாக. இப்பணிக்கு மாளிகை வேண்டா, பெருநிதியும் வேண்டா. ஒரு குறிப்பேடும், கேட்கும் பொறுமையும் உள்ள பிள்ளை ஒருவர் வீட்டுக்கு வீடு இருந்தால் போதும்.