கருவியும் உள்ளமும்

நரம்பை மீட்டும் விரலில் உள்ளம் உண்டு, மின்பொறியில் அது இல்லை என்று கருதுவோர் பலர். இயந்திரம் உணர்ச்சியைக் கொன்றுவிடும் என்னும் இக்கருத்து மனிதாபிமானத்தின் குரலாகவே நம் செவியில் விழுகின்றது. எனினும், ஒரு கலைஞனின் நேர்மையை அவன் கைக்கொண்ட கருவியால் அளத்தல் நியாயமாகுமா?

கனடாவிற் பிறந்த றொக் பாடலாசிரியர் நீல் யங், 1972இல் வெளியான 'ஹார்வெஸ்ட்' இசைத்தட்டினாற் பெரும்புகழ் எய்தியவர். கிற்றாரும் ஹார்மோனிக்காவும் சற்றே நடுங்கும் உச்சக்குரலும் அவருக்கு அடையாளமாயின. அத்தகையவர் 1982இன் இறுதியில் 'ட்ரான்ஸ்' என்னும் இசைத்தட்டை வெளியிட்டார். அதன் பாடல்களிற் பெரும்பாலானவற்றிற் சிந்தசைசர் ஒலித்தது. அவருடைய குரலோ வொக்கோடர் என்னும் பொறியினூடாக உருமாறி, சொற்கள் தெளிவாக விளங்காத இயந்திர ஒலியாக வெளிப்பட்டது. இரசிகர் திகைத்தனர்.

காரணத்தை அவர் பின்னர் விளக்கினார். அவருடைய மகன் பெருமூளை வாதத்தினாற் பேச இயலாதவர். மகன் சொல்ல விழைவது தந்தைக்கு விளங்கவில்லை. தாம் பாடுவதும் கேட்போருக்கு விளங்காதவாறு செய்து, அந்நிலையை அவர்களும் உணருமாறு அவர் முயன்றார். தெளிந்த குரல் இத்துயரை எடுத்துரைத்திருக்கும். கேட்போரை அதனுள் நிறுத்தியிராது.

வொக்கோடரின் வரலாறும் நோக்கத்தக்கது. பேச்சைப் பல அதிர்வெண் பட்டைகளாகப் பகுத்து, ஒவ்வொன்றின் வலிமையையும் அளந்து, அவ்வளவுகளைக் கொண்டு வேறோர் ஒலியை உருவமைப்பது அது. 1930களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் ஹோமர் டட்லி அதனைத் தொலைபேசித் தொடர்புக்கென உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரின்போது, நேச நாட்டுத் தலைவர்களின் உரையாடல்களைப் பகைவர் அறியாது மறைக்க அது பயன்பட்டது. போருக்கு உதவிய பொறியே ஒரு தந்தையின் ஏக்கத்துக்கும் உதவிற்று.

இம்முயற்சிக்குச் சந்தை அளித்த விடை யாது? 1983இல் கெஃபென் இசைத்தட்டு நிறுவனம் அவர்மீது வழக்குத் தொடுத்து, 30 இலட்சம் டொலருக்கு மேல் இழப்பீடு கோரியது. அவருடைய புதிய இசைத்தட்டுகள் வணிகத்துக்கு உகந்தவையல்ல, அவருடைய முந்திய இசையின் தன்மை கொண்டவையுமல்ல என்பதே குற்றச்சாட்டு. வழக்கு பின்னர் இணக்கமாக முடிவுற்றது. ஆயினும் அதன் உட்பொருளை நாம் மறத்தலாகாது. கலைஞனின் 'தனித்தன்மை' முதலிட்டவனின் சரக்காகிவிடும்போது, நேற்றைய தன்னைப் போல இன்று இராமையே அவன் செய்த குற்றமாகிவிடுகிறது.

இயந்திரம் உழைப்பாளியின் உணவைப் பறிப்பதில்லையா என ஒருவர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. அதே 1982இற்றான், பிரித்தானிய இசைக்கலைஞர் தொழிற்சங்கத்தின் மத்திய இலண்டன் கிளை, சிந்தசைசரைத் தடைசெய்யக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. வாத்தியக் குழுவினரின் இடத்தை ஒரே பொறி கைப்பற்றும் என்ற அச்சம் வெறுங் கற்பனையன்று. ஆனால் அவர்களை வேலையினின்று நீக்குவது கூலியை மிச்சம்பிடிக்கும் கணக்கு. நீல் யங்கை நேற்றைய உருவத்திற் கட்டிவைக்க முனைந்ததும் அதே கணக்கே. ஓரிடத்திற் பொறியைப் புகுத்தியும் மற்றோரிடத்தில் அதனை வெறுத்தும் அது இலாபத்தையே காத்துக்கொள்கிறது.

ஆதலின், ஒரு பாடல் எக்கருவியிற் பிறந்தது என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. அது எவருடைய தேவைக்காகப் பிறந்தது, அதனால் எவர் பயனடைகின்றனர், எவர் இழக்கின்றனர் என்றும் கேட்டல் வேண்டும். இவ்வினாக்களைக் கேட்கப் பழகாத இரசனை, தன்னை அறியாமலே வணிகனின் பக்கம் நின்றுவிடும்.