ஏகமனதும் மௌனமும்

சங்கங்களின் கூட்டக் குறிப்பேடுகளில் அடிக்கடி காணப்படும் சொற்றொடர் ஒன்று உண்டு: “ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.” கிராமத்து வாசிகசாலையின் கூட்டமாயினும், கற்றோர் நிறைந்த சபையாயினும், இவ்வாறு பதியப்பட்டதும் அங்கிருந்தோர் அனைவரும் ஒன்றையே எண்ணினர் என்று கொள்ளப்படுகிறது. உண்மையில் நிகழ்ந்தது பெரும்பாலும் வேறு. இருவரோ மூவரோ பேசினர், ஏனையோர் பேசவில்லை. பேசாதிருந்தோருள் உடன்பட்டவரும் உளர், உடன்படாதவரும் உளர், தம் கருத்தை எவரும் கேட்கப்போவதில்லை என்று என்றோ தெளிந்து, யன்னலுக்கு வெளியே நோக்கியிருந்தவரும் உளர். இம்மூவகை மௌனத்தையும் சம்மதம் என்று எழுதிக்கொள்ளும் உரிமை குழுவொன்றுக்கு எங்கிருந்து வந்தது?

இவ்வினாவுக்கு வழக்கமாகக் கிடைக்கும் விடைகள் இரண்டு. வாய்ப்பு எல்லோருக்கும் சமமாகவே இருந்தது, பேசாதது அவர் குற்றம் என்பது ஒன்று. ஒதுங்கி நிற்போரையும் அன்புடன் அணைத்துச் செல்வது பெருந்தன்மை என்பது மற்றையது. முதலாவது கடுமையானது, இரண்டாவது இனிமையானது. எனினும் இரண்டும் ஒரே தவறான எண்ணத்தின்மீதே நிற்கின்றன. கவனிக்கப்படாதவர் கேட்கப்படுவது அவருடைய நலனுக்காக என்பதே அவ்வெண்ணம். குழுவின் முடிவால் பாதிக்கப்படுவோர், பல வேளைகளில் அக்குழுவுக்கு வெளியே இருப்பவர்கள். அவர்களை நினைத்துப் பார்க்கையில் இவ்வினா வேறொரு தோற்றம் பெறுகிறது.

1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், கனேரியத் தீவுகளுள் ஒன்றான ரெனெரிபேயின் விமான நிலையத்தில் மூடுபனி படர்ந்திருந்தது. அருகிலுள்ள தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்தமையால் திசைதிருப்பப்பட்ட விமானங்கள் அச்சிறு நிலையத்தை நிறைத்திருந்தன. அவற்றுள் நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவனத்தினதும் அமெரிக்காவின் பான் அம் நிறுவனத்தினதும் போயிங் 747 விமானங்கள் இரண்டும் அடங்கும். நெதர்லாந்து விமானத்தின் தலைமை விமானி தம் நிறுவனத்தில் பெருமதிப்புப் பெற்றவர். ஏனைய விமானிகளைப் பயிற்றுவிப்பவர். அருகிலிருந்த துணை விமானி இவ்வகை விமானத்தைச் செலுத்தத் தகுதியுடையவர் என்று ஏறத்தாழ இரு மாதங்களுக்கு முன்னர் பரிசோதித்துச் சான்றளித்தவரும் அவரே. பணிநேர எல்லை நெருங்கிக்கொண்டிருந்தது.

ஓடுபாதையின் முனையில் தலைமை விமானி இயந்திர விசையைக் கூட்டியபோது, இன்னும் அனுமதி கிடைக்கவில்லை என்று துணை விமானி சுட்டிக்காட்டினார். தலைவர் நிறுத்தினார். பறப்பு வழி பற்றிய அறிவுறுத்தல் வந்தது. அது புறப்படுவதற்கான அனுமதி அன்று. ஆயினும் தலைவர் மீண்டும் விசையைக் கூட்டினார். ஒரே நபரை ஒரு நிமிடத்தினுள் இரண்டாம் முறையும் திருத்துவதற்கு வேண்டிய துணிவு எத்தகையது என்பதை, ஆசிரியர் முன்னிலையில் மாணவராக இருந்த எவரும் அறிவர். துணை விமானி இம்முறை தடுக்கவில்லை.

அவ்வேளை அமெரிக்க விமானம் அதே ஓடுபாதையில் எதிரே ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. பாதையை விட்டு நீங்கியதும் அறிவிப்பதாக அது கட்டுப்பாட்டாளருக்குக் கூறியது. அச்செய்தி நெதர்லாந்து விமானத்தின் அறையிலும் ஒலித்தது. மூவர் காதிலும் விழக்கூடிய ஒலி அது. அதன் பொருளைப் பற்றிக்கொண்டவர் பின்னாசனத்திலிருந்த விமானப் பொறியியலாளர் ஒருவரே. அந்த விமானம் இன்னும் விலகவில்லையா என்று அவர் வினவினார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாக விடையளித்தார். பொறியியலாளர் மீண்டும் கேட்கவில்லை. சில விநாடிகளில் இரு விமானங்களும் மோதின. 583 பேர் உயிரிழந்தனர்; நெதர்லாந்து விமானத்தில் இருந்தோருள் ஒருவரும் தப்பவில்லை.

இவ்விபத்துக்குக் காரணங்கள் பல. பனி, நெரிசல், ஒரே நேரத்தில் எழுந்து ஒன்றையொன்று மறைத்த வானொலிச் செய்திகள், தெளிவற்ற சொற்கள் யாவும் சேர்ந்தே அதனை விளைவித்தன. தலைமை விமானியை மட்டும் கொடியவராக்குவது நேர்மையாகாது. எனினும் அறவியல் நோக்கில் மனத்தை உறுத்துவது பொறியியலாளரின் வினாவே. அவர் புதியவர் அல்லர்; நீண்ட அனுபவமுடையவர். உண்மை அவரிடம் இருந்தது. அவர் வாயும் திறந்தார். ஆனால் தாம் அறிந்ததை ஒரு கூற்றாகச் சொல்லாமல், ஐயமாகத் தாழ்த்திச் சொன்னார். பதவி வரிசையில் கீழுள்ளோர் உண்மையைப் பெரும்பாலும் இவ்வாறே பேசுகின்றனர். மேலிருப்போர் அதனை உறுதியின்மை என்று எடுத்துக்கொள்கின்றனர்.

அவர் மேலும் வற்புறுத்தியிருக்க வேண்டாமா? வேண்டும் என்பது எளிது. வீரர் ஒருவராலேயே உண்மை பேச இயலும் என்ற நிலையை உண்டாக்கி வைத்திருக்கும் குழு, வீரரல்லாத ஒருவரைப் பின்னர் குற்றஞ் சாட்டுவது எவ்வகை நீதி? பேசுவோனின் கடமை பற்றி நம் அற நூல்களும் மேடைகளும் நிறையவே கூறியுள்ளன. கேட்போனின் கடமை பற்றிய பேச்சு அதனினும் குறைவு.

அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவின் போட்லண்ட் நகருக்கருகே எரிபொருள் தீர்ந்து மற்றொரு விமானம் வீழ்ந்து பத்துப்பேர் இறந்தனர். எரிபொருள் குறைவதை உடனிருந்தோர் அறிந்திருந்தனர். அது தலைவரின் மனத்திற் பதியுமாறு எடுத்துரைக்கவில்லை. இதன் பின்னரே விமானத் துறை விழித்துக்கொண்டது. கீழுள்ளோர் தெளிவாகச் சொல்வதும் தலைவர் அதனை வரவேற்பதும் பயிற்சிக்குரிய திறன்கள் என்று ஏற்கப்பட்டன. 1981இல் அதற்கான முதலாவது முழுமையான பயிற்சித் திட்டம் தொடங்கியது. பண்பாக எண்ணப்பட்டது பணிவிதியாக மாறிய கதை இது.

விமான அறையில் அச்சம் இருந்தது, சாதாரணக் குழுக்களில் அஃதில்லையே என்று ஒருவர் கேட்கலாம். 1985இல் வெளியான ஸ்ராசர், ரைற்றஸ் என்னும் உளவியலாளரின் ஆய்வு இதற்கு விடை தருகிறது. மாணவர் தலைவர் பதவிக்கான கற்பனை வேட்பாளர் மூவருள் ஒருவரைத் தெரிவுசெய்யுமாறு நால்வர் கொண்ட குழுக்களிடம் கூறப்பட்டது. எல்லாத் தகவலும் எல்லோரிடமும் இருந்தபோது பெரும்பாலான குழுக்கள் சிறந்தவரையே தெரிந்தன. அவரைப் பற்றிய நற்செய்திகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்தபோது பெரும்பாலானவை தவறின. அங்கு அதிகாரியும் இல்லை, அச்சமும் இல்லை. எல்லோரும் அறிந்ததையே எல்லோரும் திரும்பத் திரும்பப் பேசினர். ஒருவர் மட்டும் அறிந்தது ஒருவருடனேயே தங்கிவிட்டது. தீய எண்ணம் சிறிதும் இல்லாத குழுவும் தன் உறுப்பினரை இழக்கலாம் என்பது இதனாற் புலனாகிறது.

எனவே நல்லெண்ணம் போதாது, ஒழுங்கு வேண்டும். இதனைப் பழைய நீதிமன்றங்கள் சில அறிந்திருந்தன. உயிர்த்தண்டனைக்குரிய வழக்குகளில் இளையோரிடமிருந்தே கருத்துக் கேட்கத் தொடங்க வேண்டும் என்று யூதரின் பண்டைச் சட்டம் விதித்தது. பிரித்தானியப் படை நீதிமன்றங்களிலும் தரத்தில் இளையவர் முதலில் வாக்களிப்பது மரபு. மூத்தவர் பேசிய பின்னர் இளையவரின் சொல் சொந்தச் சொல்லாக இராது என்பதை உணர்ந்தோர் வகுத்த விதிகள் இவை.

எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் வேலை நடக்குமா, அறிந்தவர் சொல்லும் அறியாதவர் சொல்லும் ஒன்றா என்ற தடை நியாயமானதே. கேட்கப்படுதல் வேறு, ஏற்கப்படுதல் வேறு. விமானத்தில் இன்றும் இறுதி முடிவு தலைமை விமானியுடையதே. மறுக்கப்பட்ட கருத்துக்கும் மறுப்பதற்கான காரணம் சொல்லப்படுமாயின், அதனைச் சொன்னவர் குழுவுக்குள்ளேயே இருக்கிறார். ஒரு நாற்காலியை அளித்துவிட்டு அதிலிருப்பவரை நோக்காதிருப்பது, நாற்காலியே அளியாததினும் இழிவானது. பின்னையதில் பொய் இல்லை.

2008இல் உலகச் சுகாதார நிறுவனம் சத்திரசிகிச்சைக்கான சரிபார்ப்புப் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. உடலிற் கத்தி படுமுன் அங்குள்ள ஒவ்வொருவரும் தம் பெயரையும் பணியையும் வாய்திறந்து கூறவேண்டும் என்பது அதிலுள்ள ஒரு விதி. ஒருமுறை தன் குரலை அறையிற் கேட்டவர், தவறொன்றைக் காணும்போது மறுமுறையும் பேசுவார் என்பது அதன் உட்கருத்து. எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இப்பட்டியல் பயன்பட்டபோது, நோயாளர் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்ததென 2009இல் வெளியான ஆய்வு கூறியது. இக்குறைவு முழுவதையும் பெயர் சொல்லும் விதியின் கணக்கில் எழுத முடியாது. பட்டியலில் வேறு பல விதிகளும் உள்ளன. பின்னர், பட்டியல் பரவிய பல இடங்களில் எவரும் பெயர் கூறாமலே உரிய கட்டத்தில் அடையாளம் இடப்படுவதும் கண்டறியப்பட்டது. அவ்வடையாளத்தை இடும் பணி பெரும்பாலும் ஒரு தாதியிடம் விடப்படுகிறது. பெயர் கேட்கப்படாத அவர், எல்லோரும் பெயர் கூறினர் என்று பதிந்துவிட்டுத் தம் இடத்துக்குத் திரும்புகிறார்.