வனத்தில் யார் விருந்தாளி?

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், ஈலி நகருக்கு அப்பால், வனத்தின் விளிம்பில் ஓர் ஏரிக்கரை மரக்குடிலில் சில நாட்கள் தங்கினேன். மின்சாரமில்லை, விறகடுப்பு, இரவில் லூன் பறவைகளின் ஓலம். மனிதன் தீண்டாத வனம் என்று உடனிருந்தோர் புகழ்ந்தனர். அந்தப் புகழ்ச்சிதான் என்னை உறுத்தியது.

1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டம் மனிதனை அங்கே தங்கிவிடாத விருந்தாளி என்கிறது. ஆனால் ஒஜிப்வே மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த ஏரிகளில் மீன்பிடித்தவர்கள். காட்டு நெல் அறுத்தவர்கள். 1854 உடன்படிக்கையில் நிலத்தைக் கையளித்தபோதும் வேட்டை, மீன்பிடி உரிமைகளை அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை.

பின்னாளில் நைஃப் ஏரித் தீவில் தனித்து வாழ்ந்தார் டொரதி மோல்ட்டர் என்ற தாதி. படகில் வருவோருக்குத் தாமே தயாரித்த ரூட் பியர் என்னும் மதுவற்ற பானத்தைக் கொடுப்பார். அரசு அவரை வெளியேற்ற முனைந்தது. பொதுமக்கள் எதிர்த்ததால் ஆயுள்வரை விட்டுவைத்தது. 1986இல் அவர் மறைந்தபின் அவரது குடில்கள் ஈலிக்குப் பெயர்த்துவரப்பட்டு நூதனசாலையாயின.

காவல் தேவைதான். 1978ஆம் ஆண்டுச் சட்டம் மோட்டார்ப் படகுகளைக் கட்டுப்படுத்தியதால்தான் பெரும்பாலான ஏரிகளில் இன்று அமைதி நிலவுகிறது. ஆயினும் காட்டுக்குக் கேடு மனிதன் தங்குவதாலா, தங்கும் விதத்தாலா? சில நாட்கள் வந்துபோகும் என்னை வரவேற்றுவிட்டு, அளவறிந்து அங்கேயே வாழ்ந்தவரை வேண்டாதவராக்கும் தூய்மையை என் மனம் ஏற்கவில்லை.